“தண்ணி மாதிரிதான் இருக்கும்!” - ஜின்னை வாசனையிலேயே பிரித்துச் சொல்லும் திருப்பூர் மெர்ச்சண்டைசர்... அவர் டம்ளரில் இருப்பது என்ன?

“ஏஞ்சாமி, எந்த ஜின்னைப் பத்திப் பேசிட்டு இருக்கற? ஊத்துக்குளி ரோட்டுல இருந்துச்சே, அதுவா? அதையெல்லாம் இடிச்சு குடோன் ஆக்கிட்டாங்களே!”

மகன் போனில் பேசியதைக் கேட்டுவிட்டு அந்தத் தாய் இப்படித்தான் கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. திருப்பூரில் வயதானவர்களுக்கு ‘ஜின்’ என்றால் பஞ்சு. பனியன் கம்பெனிகள் பெருகுவதற்கு முன்பே இந்த ஊர் பருத்திச் சந்தை. பருத்தியில் இருந்து கொட்டையைப் பிரித்துப் பஞ்சை எடுக்கும் ஜின்னிங் ஃபேக்டரியில்தான் அந்த அம்மாவின் மாமனார் வேலை பார்த்தார். ‘என்ஜின்’ என்ற சொல் தேய்ந்து வந்ததுதான் அந்த ஜின்.

மகன் பேசிக்கொண்டிருந்தது வேறு ஜின். ஐரோப்பாவில் இருந்து வரும் பையருக்கு ராத்திரி விருந்து. எந்த பாட்டில் இருக்கிறது என்று கோவை ஹோட்டல் ஒன்றில் விசாரித்துக்கொண்டிருந்தார். அம்மா கேட்டதும், “ஆமாம்மா, அதேதான்” என்று சிரித்துச் சமாளித்தார்.

இந்த விஷயத்தில் அவர் வீட்டில் சொன்ன முதல் பொய் அது.

அவர் பெயர் இங்கே வேண்டாம். வயது 46. அவிநாசி ரோட்டில் இருக்கும் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் சீனியர் மெர்ச்சண்டைசர். நான்கு டம்ளர்களில் நான்கு ஜின்னை ஊற்றி வைத்தால், முகர்ந்து பார்த்தே எது எதுவென்று சொல்லிவிடுவார். ஆனால், ஒரு சொட்டு குடித்துப் பத்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. இரண்டுக்கும் இடையில் நடந்த கதை இது.

லேப் டிப் போல ஒரு பாடம்

2005 ஜனவரியில் உலக ஜவுளி வர்த்தகத்தில் இருந்த கோட்டா முறை முடிவுக்கு வந்தது. திருப்பூருக்குப் புதுப்புது பையர்கள் வந்த காலம். அப்போது அவருக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது. சாம்பிள், அப்ரூவல், ஷிப்மென்ட் எல்லாம் அத்துப்படி. ஆனால், முதல் பையர் டின்னரில் மெனு கார்டைக் கையில் கொடுத்து, “எந்த ஜின் நன்றாக இருக்கும்?” என்று ஒருவர் கேட்டபோது விழித்தார். தமிழ்நாட்டில் பிராந்திதான் ராஜா. ஜின் என்பது அவர் பார்க்காத சரக்கு.

அவமானமாக இருந்தது. கற்றுக்கொள்ள முடிவு செய்தார். வழி தெரிந்த வழிதான்: லேப் டிப்!

பையர் கேட்கும் நிறத்தை டையிங் யூனிட்டில் சின்னச் சின்னத் துணித் துண்டுகளில் ஏற்றி, ஏ, பி, சி என்று ஒட்டி அனுப்புவார்கள். அவற்றை ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஜின்னையும் அப்படியே பார்த்தார். ஒரே மாதிரி டம்ளர், ஒரே அளவு, ஐஸ் கிடையாது, சில சொட்டு சாதாரணத் தண்ணீர். தண்ணீர் சேர்ந்ததும் வாசனை மேலே எழும். ஐஸ் போட்டால் அது அடங்கிவிடும்.

“எல்லாம் தண்ணி மாதிரிதான் இருக்கும். கண்ணை நம்பவே கூடாது, மூக்குதான்” என்பது அன்று முதல் அவருடைய வாசகம்.

நாட்டு மருந்துக்கடை வாசனை

அவர் விளக்கினால் ஜின் எளிதாகப் புரியும். வாசனையே இல்லாத சுத்தமான சாராயம்தான் அடிப்படை. அதில் ஜூனிப்பர் என்ற ஊசியிலை மரத்தின் காய் சேர வேண்டும். அது இல்லாவிட்டால் ஜின் இல்லை. டச்சு மொழியில் ஜூனிப்பரில் இருந்து வந்த ‘ஜெனீவர்’ என்ற பெயர்தான் இங்கிலாந்து போய் ‘ஜின்’ ஆகச் சுருங்கியது. முகர்ந்தால் ஊட்டி பைன் காட்டுக்குள் நுழைந்தது போல இருக்கும்.

மற்ற சரக்கெல்லாம் நம் ஊர் நாட்டு மருந்துக்கடையில் இருப்பவை: கொத்தமல்லி விதை, அதிமதுரம், பட்டை, ஏலக்காய், ஜாதிக்காய், எலுமிச்சைத் தோல். நல்ல ஜின்னில் இவற்றைச் சாராயத்தோடு சேர்த்து மறுபடியும் வடிப்பார்கள். மலிவான சிலவற்றில் எசென்ஸைக் கலப்பதோடு சரி. “ஒண்ணு, சாயம் நூல்லயே ஏறுன துணி. இன்னொண்ணு, மேலாக்க பிரின்ட் அடிச்சது. ஒரு அலசுக்குத் தாங்காது” என்கிறார்.

‘லண்டன் டிரை’ என்று பாட்டிலில் இருந்தால், லண்டனில் செய்தது என்று அர்த்தமில்லை. அது ஒரு செய்முறை. வாசனைப் பொருள்கள் எல்லாம் வடிக்கும்போதே சேர வேண்டும். பிறகு சுவையோ நிறமோ கூட்டக் கூடாது. சர்க்கரை கிட்டத்தட்ட பூஜ்யம்.

அவருடைய மூக்குக் கணக்கு இப்படிப் போகிறது. டாங்கரே: ஜூனிப்பர், கொத்தமல்லி, ஏஞ்சலிகா வேர், அதிமதுரம் என நாலே சரக்கு, பைன் வாசனை முன்னால் வந்து நிற்கும். பாம்பே சஃபையர்: பத்துச் சரக்கு, அதில் நம் வால்மிளகும் உண்டு. சாராய ஆவி மூலிகைக் கூடை வழியாகப் போகும்படி வடிப்பதால் வாசனை மென்மை. ஹென்ட்ரிக்ஸ்: ஸ்காட்லாந்து சரக்கு, ரோஜாவும் வெள்ளரியும் அடையாளம். இனிப்பு கலந்த பழைய பாணிக்கு ‘ஓல்டு டாம்’ என்று பெயர். டச்சு ஜெனீவரில் தானிய வாசனை தூக்கலாக இருக்கும். விஸ்கி பழகியவர்களுக்கு அது சுலபம்.

அவர் குடித்த காலத்தில் இந்தியாவில் இப்போதுபோல் நம் ஊர் ஜின்கள் இல்லை. 2017-ல் கோவாவில் இருந்து ‘கிரேட்டர் தேன்’ வந்த பிறகு வரிசையாக வந்தன. ‘ஹபுசா’வில் இமயமலை ஜூனிப்பரும் மஞ்சளும் இருக்கின்றன. கோவாவின் ‘ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ்’, எலுமிச்சை வகைகளின் தோல் வாசனைக்குப் பெயர் பெற்றது. ‘ஜெய்சல்மர்’ இன்னொன்று. இந்தப் புது வரவுகளை அவர் ருசித்ததில்லை. பையர் மேஜையில் முகர்ந்து பார்த்ததோடு சரி.

எதை எப்படிக் குடிக்கிறார்கள்?

ஜூனியர் மெர்ச்சண்டைசர்கள் இதை இன்றும் அவரிடம்தான் கேட்கிறார்கள். அவர் சொல்லும் பதில் சுருக்கமானது.

ஜின் அண்ட் டானிக் என்றால் ஒரு பங்கு ஜின்னுக்கு இரண்டு முதல் மூன்று பங்கு டானிக். டம்ளர் நிறைய ஐஸ் வேண்டும். ஐஸ் அதிகமானால் நீர்த்துவிடும் என்பது தப்பான எண்ணம். ஐஸ் குறைவாக இருந்தால்தான் சீக்கிரம் உருகும். டானிக்கும் குளிர்ந்திருக்க வேண்டும், மெதுவாக ஊற்ற வேண்டும், கலக்கிக் கலக்கி வாயுவை விரட்டக் கூடாது. பைன் வாசனை தூக்கலான ஜின்னுக்கு எலுமிச்சைத் துண்டு. ஹென்ட்ரிக்ஸுக்கு வெள்ளரி வில்லை.

எலுமிச்சை, சர்க்கரை, சோடா சேர்ந்தால் டாம் காலின்ஸ். இனிப்பான லைம் கார்டியல் சேர்ந்தால் கிம்லெட். கம்பாரி, இனிப்பு வெர்மூத், ஜின் மூன்றும் சமமாகச் சேர்ந்தால் நெக்ரோனி, நல்ல கசப்பு. மார்ட்டினியில் ஜின்னுடன் கொஞ்சம் டிரை வெர்மூத், அவ்வளவுதான். ஜின்னின் குணம் மறைய இடமே இல்லாத பானம். குடிப்பவர் தடுமாறவும் அதுவே சுலபமான வழி.

கூடவே ஒரு கணக்கும் சொல்வார். இந்தியாவில் பெரும்பாலான ஜின்களில் 42.8 சதவிகிதம் ஆல்கஹால். 60 மில்லி லார்ஜ் ஒன்றில் சுமார் 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. எலுமிச்சையும் குமிழியும் சேர்ந்து ஜூஸ் போல இறங்கினாலும் அந்த 20 கிராம் அப்படியேதான் உள்ளே போகிறது. வெறும் வயிற்றில் கூடாது. ஒவ்வொரு டம்ளருக்கும் நடுவே ஒரு டம்ளர் தண்ணீர். வண்டிச் சாவி டிரைவரிடம். குடித்துவிட்டு வண்டி ஓட்டி முதல் தடவை பிடிபட்டாலே 10,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்கிறது சட்டம். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கவே கூடாது.

“இவ்வளவு தெரிஞ்ச எனக்கே ஒண்ணு தெரியலைங்க” என்று நிறுத்துவார். “எப்ப நிறுத்தணும்னு.”

நிறம் இல்லாததன் வசதி

2011 ஜனவரி. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயம் ஏற்ற இடமில்லாமல் துணி தேங்கியது. ஷிப்மென்ட் தேதிகள் தள்ளிப்போயின. கடல் வழி போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்பினால் லாபம் மொத்தமும் காலி. அனுப்பாவிட்டால் ஆர்டர் காலி. பகலெல்லாம் பையரிடம் மன்னிப்பு, ராத்திரியெல்லாம் டையிங் மாஸ்டரைத் தேடி ஓட்டம்.

பையர் டின்னருக்கு மட்டும் என்றிருந்த ஜின், அந்த வருடம்தான் வீட்டுக்குள் வந்தது. பிராந்தி என்றால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். ஜின் அப்படியில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பாதி ஜின், பாதி தண்ணீர். ஆபீஸ் பையில் ஒன்று, வீட்டு ஃபிரிட்ஜின் பின்வரிசையில் ஒன்று. யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டார்.

ஜின் குடித்தால் வாசனை வராது என்பதும் அவர் நம்பிய கதைதான். எந்த மதுவானாலும் ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சில் வெளியே வரும். வாய் கொப்பளித்தாலும், ஏலக்காய் மென்றாலும் மூச்சு நிற்காதே! “தெரியாம இருக்குமாங்க? பக்கத்துல படுக்கறவளுக்குத் தெரியாதா?” என்று பின்னாளில் மனைவி கேட்டார். ஆனால், அதைக் கேட்கும் நாள் வருவதற்கு முன் இன்னொரு நாள் வந்தது.

மகளுக்கு அப்போது ஏழு வயது. ஞாயிற்றுக்கிழமை மதியம். தெருவில் சைக்கிள் ஓட்டிவிட்டு வியர்த்து வழிய ஓடி வந்தவள் ஃபிரிட்ஜைத் திறந்தாள். முன்வரிசை பாட்டில்கள் காலி. பின்வரிசை பாட்டிலை எடுத்து அண்ணாந்து ஊற்றினாள்.

அடுத்த நொடி இருமலும் அழுகையும். “அப்பா... எரியுது... இந்தத் தண்ணி எரியுதுப்பா!”

பெரும்பாலும் துப்பிவிட்டாள். அது அவர்களுடைய அதிர்ஷ்டம். குழந்தைகளின் உடம்பில் கொஞ்சம் மது போனாலே ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம். வாயைக் கழுவி, பாட்டிலைப் பிடுங்கி சிங்க்கில் கொட்டினார். ஓடிவந்த மனைவியிடம், “பழைய தண்ணி, கெட்டுப்போச்சு” என்றார். மனைவி பாட்டிலை வாங்கி ஒரு தடவை முகர்ந்தார். ஒன்றும் பேசவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், அன்றைக்குப் பிறகு அவளிடம் ஒரு பழக்கம் வந்தது. யார் தண்ணீர் கொடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பாள். பாட்டி கொடுத்தாலும் முகர்வாள், பள்ளிக்கூடத்து வாட்டர் பாட்டிலைத் திறந்தும் முகர்வாள். நான்கு டம்ளர் வைத்து மூக்கைப் பழக்கியவர் அவர். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்தவரும் அவரே.

லண்டனில் ஜின் மலிவாகப் பெருக்கெடுத்து ஓடிய காலத்தில், 1751-ல், வில்லியம் ஹோகார்த் என்ற ஓவியர் ‘ஜின் லேன்’ என்றொரு படம் வரைந்தார். படிக்கட்டில் போதையில் சிரித்தபடி உட்கார்ந்திருக்கும் தாய். அவள் கையில் இருந்து நழுவித் தலைகீழாக விழும் குழந்தை. அதே வருடம் ஜின் விற்பனைக்குக் கடிவாளம் போட பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. பல வருடம் கழித்து ஒரு பையர் அந்தப் படத்தை மொபைலில் வேடிக்கையாகக் காட்டியபோது, அவரால் இரண்டாவது தடவை பார்க்க முடியவில்லை.

அந்த ஞாயிறு ராத்திரியே நிறுத்துவதாக முடிவு செய்தார். மறுநாள் மாலைக்குள் கை நடுங்கியது, வியர்த்தது, தூக்கம் போனது. மனைவிதான் மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனார். “தினமும் குடிக்கிறவங்க திடீர்னு தாங்களா நிறுத்தக் கூடாது. வலிப்புகூட வரலாம். மருந்தோடதான் நிறுத்தணும்” என்றார் மருத்துவர். சில நாள் உள்நோயாளியாக இருந்து, சில மாதம் மாத்திரையும் கவுன்சலிங்கும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

பக்கத்து மலையில் விளைந்த கசப்பு

குடியை விட்டார். வேலையை விட முடியாதே! பையர் டின்னர்கள் தொடர்ந்தன. ஜின்னின் நிறமின்மை இப்போது இன்னொரு வகையில் கைகொடுத்தது. டம்ளரில் ஐஸ், எலுமிச்சை, வெறும் டானிக். பார்த்தால் ஜின் அண்ட் டானிக் போலவே இருக்கும். வெயிட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுவார். எத்தனை ரவுண்டு போனாலும் அவர் டம்ளரில் ஜின் வராது. எதிரில் இருப்பவருக்கும் தெரியாது.

டானிக்கின் கசப்பு அவருக்குப் பிடித்துப்போனது. அந்தக் கசப்பு கொயினா. அந்தக் காலத்து மலேரியா மருந்து. சின்கோனா மரப்பட்டையில் இருந்து எடுப்பது. தென் அமெரிக்க மரமான அதை 1860-களில் பிரிட்டிஷார் நீலகிரியில் நட்டார்கள். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. ஆனைமலையிலும் பயிரானது, வால்பாறைப் பக்கம் சின்கோனா என்ற பெயரிலேயே இன்றும் ஓர் இடம் இருக்கிறது. லண்டனில் எராஸ்மஸ் பாண்ட் என்பவர் 1858-ல் டானிக் வாட்டருக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் அதில் ஜின்னைச் சேர்த்தார்கள். பையர்கள் சீமைச் சரக்கு என்று நினைக்கும் கசப்பு, திருப்பூரில் இருந்து பஸ் ஏறினால் போய்விடும் மலைகளிலும் விளைந்ததுதான்.

இன்றைய டானிக்கில் கொயினா மிகக் குறைவு. அது மலேரியாவுக்கு மருந்தாகாது. சர்க்கரையும் உண்டு, நீரிழிவு உள்ளவர்கள் லேபிளைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் இதயத்துடிப்பில் சிக்கல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

மறைத்துக் குடித்தவர், இப்போது மறைத்துக் குடிக்காமல் இருந்தார். உண்மையைச் சொன்னால் பையர் என்ன நினைப்பார், ஆர்டர் கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். வருடக்கணக்காக அதே பயம்.

யாரும் கேட்கவில்லை

போன வருடம் ஒரு டின்னர். புதிதாகச் சேர்ந்த ஜூனியர் பையன் முதல் தடவையாக உடன் வந்தான். காங்கேயம் பக்கத்துக் கிராமம். காரில் வரும்போதே மெதுவாகக் கேட்டான்.

“ண்ணா, குடிச்சாத்தான் ஆர்டர் வருங்களாண்ணா?”

“யார் சொன்னா?”

“எல்லாரும் சொல்றாங்கண்ணா. நீங்களும் குடிக்கிறீங்களே.”

அவருக்குச் சுருக்கென்றது. தான் நடிப்பது பையருக்கு மட்டும் என்று நினைத்திருந்தார். பின்னால் வரும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அன்றுதான் உறைத்தது.

ஹோட்டலில் பையர் குழுவுக்கு எந்த ஜின்னுக்கு எது பொருந்தும் என்று வழக்கம்போல அழகாக விளக்கினார். வெயிட்டர் அவர் பக்கம் திரும்பி, “சார், உங்களுக்கு வழக்கமா...” என்று இழுத்தபோது, மேஜைக்கே கேட்கும்படி சொன்னார்: “எனக்கு டானிக் மட்டும். ஜின் வேண்டாம். நான் குடிக்கிறதில்லை.”

பக்கத்தில் இருந்த பையன் உடனே, “எனக்கும் அதே” என்றான்.

பையர் தலையாட்டிவிட்டு, ரிப் துணியின் ஜி.எஸ்.எம். ஏன் குறைந்தது என்று பேச்சைத் தொடர்ந்தார். ஏன் குடிப்பதில்லை என்று யாரும் கேட்கவில்லை. இத்தனை வருடம் எந்தக் கேள்விக்குப் பயந்தாரோ, அந்தக் கேள்வியே வரவில்லை. ஆர்டர் கிடைத்ததா என்றால், கிடைத்தது. விலையில் பீஸுக்குச் சில சென்ட் குறைத்துக்கொண்ட பிறகு. அது டம்ளரால் வந்ததும் அல்ல, போனதும் அல்ல.

எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என 2023-ல் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்லிவிட்டது. அவர் யாருக்கும் உபதேசம் செய்வதில்லை. ஜூனியர்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறார். “ஜின்னைப் பத்தித் தெரிஞ்சுக்கறது தப்பில்லப்பா. மேஜையில உக்காந்தா விருந்தாளிக்கு எது நல்லதுன்னு சொல்லத் தெரியணும். ஆனா, உன் டம்ளர்ல என்ன இருக்குன்னு மறைக்கற மாதிரி ஆச்சுன்னா, அப்பவே யாருகிட்டயாவது சொல்லிரு.”

அப்படிச் சொல்ல ஆள் தேடுபவர்களுக்கு, போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446 இருக்கிறது. தமிழ்நாட்டில் 104-ஐ அழைத்தும் ஆலோசனை கேட்கலாம்.

அன்று ராத்திரி வீடு திரும்பும்போது மணி பதினொன்று. வேலைக்குப் போகத் தொடங்கிவிட்ட மகள் ஹாலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். பையரிடம் சொல்லிவிட்டதைச் சொன்னார். “இதுக்கா இத்தனை வருஷம்ப்பா?” என்று சிரித்தாள். ஹோட்டலில் இருந்து கையோடு கொண்டுவந்திருந்த டானிக் டின்னை டம்ளரில் ஊற்றி அவளிடம் கொடுத்தார்.

வாங்கியவள் முகர்ந்து பார்த்தாள். பழக்கம். அவள் அதை உணர்ந்ததாகக்கூடத் தெரியவில்லை. அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“கசக்குதுப்பா.”

“கொயினா, கண்ணு. கசக்கத்தான் செய்யும். வேற ஒண்ணும் இல்ல அதுல.”

“தெரியும்ப்பா” என்றபடி இன்னொரு வாய் குடித்தாள்.